பாண்டுவின் அவசரம் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். இப்போது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் நண்பர் இந்த நவம்பரில் மான் வேட்டைக்கு அழைக்கிறார். அது மான்கள் இணைசேரும் காலம், ஆண் மான்கள் எச்சரிக்கையை மறந்து பெண் மான் பின்னால் ஓடும், புதிதாக வருபவனுக்கும் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார். வேட்டை நம் ரத்தத்திலேயே இருக்கிறது, ஆனால் நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது? என்ன துப்பாக்கி நல்லது? விஷயம் தெரிந்து அம்மா பாவம் பாவம் என்று அழுகிறார். உண்மையிலேயே பாவமா? கெடிலம் ஆற்றங்கரை பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்திருப்பதால் கேட்கிறேன்: அடுத்த முறை ஊருக்கு வரும்போது கல்வராயன் மலைப் பக்கம் இதற்கு வாய்ப்பு உண்டா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கல்வராயனில் வாய்ப்பு உண்டு, ஜெயிலுக்குப் போக. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1991-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமம் என்ற பேச்சே இந்த நாட்டில் கிடையாது. வெளிமான் மாதிரி முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை உள்ளே இருக்கலாம். வேட்டையையே பிழைப்பாக வைத்திருந்த நரிக்குறவர்கள் அந்தச் சட்டத்துக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கிறார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2023 ஆகிவிட்டது. ஐடி சம்பளம் வாங்குகிற உங்களுக்கு லீவில் வந்து கல்வராயனில் மான் சுட வேண்டுமா? இன்னொரு முறை இதைக் கேட்டால் பதில் எழுத மாட்டேன்.

ரத்தத்தில் வேட்டை இருக்கிறதாம். மஞ்சக்குப்பத்தில் பிறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும்தான் இருக்கும். பரிசோதித்துப் பாருங்கள்.

சரி, திட்டியாயிற்று. உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. இணைசேரும் காலம், அதனால் சுலபம் என்று நண்பர் சொன்னாரே, அந்த வரி. இந்த ஆடி மாதம் வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பாரதப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. பிரசங்கியார் பாண்டுவின் வேட்டைக்கு வந்தார். மான் உருவில் மனைவியோடு கூடியிருந்த முனிவரைப் பாண்டு எய்துவிடுகிறான், நீயும் மனைவியோடு கூடினால் சாவாய் என்று முனிவர் சபிக்கிறார். கொலை பாவம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கதைக்குப் போய்விட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் வியாசர் அப்படிச் சொல்லவில்லை. வியாச பாரதத்தில் பாண்டு தன் பக்கத்தை வாதாடுகிறான். அரசர்கள் மானைக் கொல்வது வழக்கம்தான், அகத்தியரே வேட்டையாடியிருக்கிறார் என்கிறான். முனிவரும் அதை மறுப்பதில்லை. மானைக் கொன்றதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, நான் கூடி முடிக்கும் வரை நீ பொறுத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். பாண்டு விட்டது ஐந்து அம்பு. வேட்டையை மன்னித்து அவசரத்தை மட்டும் தண்டித்த சாபம் அது. அந்த அவசரத்துக்குத்தான் ஒரு வம்சமே விலை கொடுத்தது.

தசரதனைப் பாருங்கள். ராத்திரி, சரயு நதிக்கரை, குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம். யானை குடிக்கிறது என்று நினைத்து இருட்டில் அம்பை விட்டான். கண்ணால் பார்க்காமல் எய்வதைப் பெரிய வித்தை என்று கற்று வைத்திருந்தவன். போனது பார்வையில்லாத தாய் தந்தையரின் ஒரே பிள்ளை. கடைசியில் கிருஷ்ணர் எப்படிப் போனார்? காட்டில் படுத்திருந்தவரின் பாதத்தை மான் என்று நினைத்து ஜரன் என்ற வேடன் அம்பை விட்டான். ராமன் காட்டுக்குப் போனதற்கும், பாண்டவர்கள் தேவர்களுக்குப் பிறந்ததற்கும், கிருஷ்ணர் மறைந்ததற்கும் பின்னால் ஒரு வேட்டைக்காரனின் அவசரம் இருக்கிறது. இதை யாரும் பிரசங்கத்தில் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். அகிம்சை பேசினால் கைத்தட்டல் வருகிறது.

நீங்கள் கேட்டது இதையல்ல, தெரியும். ஆனால் உங்களுக்கு அங்கே சொல்லித்தரப் போவதும் இதைத்தான். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். குறி எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையில் விரல் வைக்காதே என்று அந்த வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் போடும் உடுப்பில் பாதியாவது பளீரென்ற ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதும் ஜரன்களுக்குப் பயந்துதான். மானுக்கு ஆரஞ்சு தனியாகத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். ரோஸ் கலரும் போடலாம் என்று 2016-ல் அனுமதித்துவிட்டார்கள்.

அதனால் உங்கள் நண்பரின் 'சுலபம்' எனக்குப் பிடிக்கவில்லை. நவம்பரில் சுடுவது சட்டப்படி தப்பில்லை. ஆனால் பெண் மான் பின்னால் பாய்ந்து வருகிற மான் ஓடுகிற மான். புதியவர் ஓடுகிற மானைச் சுட்டால் குண்டு வயிற்றிலோ காலிலோ படும். மான் ஓட்டத்தை நிறுத்தட்டும். நின்று பக்கவாட்டில் திரும்பட்டும். முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் தெரியட்டும். தெரியாவிட்டால் சுடாதீர்கள், போகட்டும். முனிவர் பாண்டுவிடம் கேட்டதும் இந்தப் பொறுமையைத்தான்.

அப்புறம், சுட்ட பிறகு. இங்கே எனக்கு ஒரு கிழவர் ஞாபகம் வருகிறார். நான் சிறுவனாக இருந்தபோது, 1972 சட்டமெல்லாம் வருவதற்கு முன்னால், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் நரிக்குறவர்கள் கூடாரம் போட்டிருப்பார்கள். அதில் ஒரு பெரியவர் பின்னால் கெடிலக்கரைக்குத் திரிந்திருக்கிறேன். நாட்டுத் துப்பாக்கி. குழாய் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டித் திணித்து, கம்பியால் இடித்து, ரவை போட்டு, மறுபடியும் நார் வைத்து இடிப்பார். மருந்து தூவிய உள்ளங்கையை வேட்டியில் துடைக்காமல் வாயால் ஊதிவிடுவார். ஒரு மாலை மடையான் ஒன்று அடிபட்டு எதிர்க்கரைக் கோரைக்குள் விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்க் கோரையை ஒவ்வொரு கொத்தாக விலக்கித் தேடினார். இருட்டத் தொடங்கிவிட்டது. இந்தக் கரையில் இன்னொரு மடையான் சும்மா உட்கார்ந்திருந்தது. "விடுங்க, அதோ இன்னொண்ணு இருக்கு" என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடிச்சது இங்க உசுரோட கெடக்குது சாமி, இன்னொண்ணு எதுக்கு?" என்றார். ஒரு பறவையில் அவருக்கு என்ன கறி கிடைத்திருக்கும்? ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் கரையேறினார்.

நீங்களும் அப்படித் தேட வேண்டும். சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தையும் ஓடிய திக்கையும் மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். உடனே துரத்தினால் படுக்க வேண்டிய மான் எழுந்து வெகுதூரம் போய்விடும். பிறகு ரத்தத்தைப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் பொறுக்க வேண்டும். பச்சையாக நாற்றத்தோடு இருந்தால் வயிறு, பல மணி நேரம் காத்திருந்துதான் போக வேண்டும். இருட்டினால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். குளிருகிறது, நாளைக்குப் பார்க்கலாம், இன்னொன்று சுடலாம் என்று நண்பர் சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். எந்தத் துப்பாக்கி என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல? முதல் வருஷம் வாங்கவே வேண்டாம், நண்பருடையதை இரவல் கேளுங்கள். ஆனால் ஒன்று. எச்1பி விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆக முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்தால் இடுப்பிலும் தோளிலும் மரத்தோடு பிணைக்கும் வார் மாட்டிக்கொள்ளுங்கள், விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கம் உட்காருங்கள். மான் கிடைத்தால் மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும்.

பாவமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கச் சொல்கிறவர் என்றால் அவரிடமே கேளுங்கள், சைவம் என்றால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிடுவதற்கு முன் பரிசோதனைக்குக் கொடுங்கள். மானை மெலிய வைத்துக் கொல்லும் ஒரு மூளை நோய் விஸ்கான்சினில் இருப்பதை 2002-ல் கண்டுபிடித்தார்கள், இன்னும் இருக்கிறது. முடிவு வரும் வரை கறி ஃப்ரீசரில் கிடக்கட்டும். நோய் இருப்பதாக வந்தால் வாயில் வைக்க வேண்டாம். இல்லையென்று வந்தால் கொழுப்பை முழுக்கச் சீவி எடுத்துவிடுங்கள், ஆறினால் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். கறியில் நெய்ப்பசை இருக்காது, அதனால் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு மிளகு தூக்கலாகப் போட்டு வறுங்கள். கொம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற போட்டோவை எனக்கு அனுப்ப வேண்டாம்.