வைகாசி யார் வீட்டு மாதம்?

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்கள் தாமானில் கடைசி வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடினால், அவர்கள் 'வைசாகி' என்று புதுத்துணி உடுத்திக் கிளம்பிவிடுகிறார்கள். வைகாசி பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே! நம் மாதத்தின் பெயரை எடுத்துக்கொண்டு, அதையும் தப்பான மாதத்தில் கொண்டாடுகிறவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நல்லவேளை, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் எனக்கு எழுதினீர்கள்.

முதலில், அவர்கள் வங்காளிகள் இல்லை, பஞ்சாபிகள். கல்கத்தாவில் கப்பல் ஏறி வந்ததால் மலாய்க்காரர்கள் 'பெங்காலி' என்றார்கள், நாமும் அதையே பிடித்துக்கொண்டோம் என்பார்கள். ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது அப்படிப் பேசினால் போகட்டும், பத்திரிகைக்கு எழுதும்போதாவது சரியாக எழுதலாம் இல்லையா? இதில் வேடிக்கை என்னவென்றால், அசல் வங்காளிகளுக்கும் அதே நாளில், அல்லது ஒரு நாள் தள்ளித்தான் புத்தாண்டு, அன்று பிறக்கும் மாதத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பொய்ஷாக்'. அதுவும் உங்கள் வைகாசிதான்! தெரியாமல் எழுதிய ஒரு வார்த்தையில் பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

சரி, 'நம் மாதத்தின் பெயர்' என்கிறீர்களே, அங்கே வருவோம். சமஸ்கிருதத்தில் அது வைசாகம், அதாவது முழுநிலவு விசாக நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிற மாதம். சித்திரை, கார்த்திகை எல்லாம் இதே மாதிரி நட்சத்திரத்தை வைத்து வந்த பெயர்கள்தான். வைசாகம் நம் நாக்குக்கு வந்ததும் சகரமும் ககரமும் இடம் மாறிக்கொண்டன. தசையைச் சதை என்று திருப்பிப் போட்டவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? அப்புறம் வாலில் ஓர் இகரம். பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொன்றும் 'இ'யிலோ 'ஐ'யிலோதான் முடியும். அந்த அச்சில் வார்த்து எடுத்ததுதான் வைகாசி.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. நேபாளத்தில் பைசாக், அஸ்ஸாமில் போஹாக், சிங்களத்தில் வெசக், தாய்லாந்தில் விசாகா, இந்தோனேசியாவில் வைசாக். நம் மலேசியாவில் காலண்டரின் மே மாதத் தாளில் சிவப்பில் போட்டிருக்கும் 'ஹரி வேசாக்' வேறென்ன? புத்தர் பிறந்த நாளுக்கு விடுமுறை என்று வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறோம், அந்தப் பெயருக்குள் இருப்பது முருகனுக்குக் காவடி எடுக்கும் அதே விசாகம் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? நம் தமிழ்ப் பேப்பர்கள் 'விசாக தினம்' என்றுதான் போடுகின்றன, படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். பெயரை அதிகம் உருட்டியவர் யார் என்று போட்டி வைத்தால் நமக்கும் அஸ்ஸாம்காரர்களுக்கும்தான் கடைசிச் சுற்று. பஞ்சாபிகள் அசலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

அந்த ஒரு மாத வித்தியாசத்துக்கு வருகிறேன். பிள்ளைக்குப் பொருத்தம் பார்க்க ஐயரிடம் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். துலாம் ராசியில் என்னென்ன நட்சத்திரம்? சித்திரையின் பின் இரண்டு பாதம், சுவாதி முழுசாக, விசாகத்தின் முதல் மூன்று பாதம். பௌர்ணமியன்று சூரியனும் நிலவும் எதிரெதிராக நிற்கும். ஏப்ரல் நடுவில் சூரியன் மேஷத்தில் நுழைகிறது, மேஷத்துக்கு எதிர் வீடு துலாம். ஆக அந்த முப்பது நாளில் வருகிற முழுநிலவு சித்திரையிலும் நிற்கலாம், சுவாதியிலும் நிற்கலாம், விசாகத்திலும் நிற்கலாம். அதாவது ஒரே பிள்ளைக்கு இரண்டு தாத்தா பெயரும் காத்திருந்தது. சூரியன் மேஷத்தில் நுழையும்போது நிலாக் கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது சித்திரை, அதனால் நாம் அந்தத் தாத்தா பெயரை வைத்தோம். அந்த மாதத்துக்குள்ளேயே அமாவாசை கழிந்து வைசாகம் தொடங்கிவிடும், பஞ்சாபிகளும் வங்காளிகளும் நேபாளிகளும் அந்தப் பெயரை வைத்தார்கள். பிள்ளை ஒன்றுதான்.

நம்ப முடியவில்லையென்றால் பழைய காலண்டரை எடுத்துப் பாருங்கள். 2024-இல் மே 22 விசாக தினம், அன்றைக்கே நமக்கு வைகாசி விசாகம். பெயர் பொருந்திப் போனதால் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. 2025-இல் விசாக தினம் மே 12, திங்கட்கிழமை. நமக்கோ அன்று சித்ரா பௌர்ணமி! வைகாசி விசாகம் ஜூன் 9-இல்தான் வந்தது. அந்த மே 12 காலையில் எங்கள் ஊர்க் கடைத்தெருவின் ஒரு கோடியில் சீனர் கோயிலில் சைவ மீகூன் கொடுத்தார்கள், மறு கோடியில் மாரியம்மனுக்குப் பால்குடம் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு பக்கமும் போய்ப் பசியாறிவிட்டுத்தான் வந்தேன், அதை மறைப்பானேன். அன்று நள்ளிரவு தாண்டி நிலவு முழுசாக நிறைந்தபோது அது நின்ற நட்சத்திரம் எது தெரியுமா? விசாகம். நாம் சித்ரா பௌர்ணமி என்று சக்கரைப் பொங்கல் வைத்த நிலவு விசாகத்தில் நின்றது. இப்போது யார் யாருக்கு எடுத்துச் சொல்வது?

இந்தத் தகராறே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டவர்கள் மலையாளிகள். நட்சத்திரத்தை விட்டுவிட்டு ராசியின் பெயரையே மாதத்துக்கு வைத்துவிட்டார்கள், நம் சித்திரை அவர்களுக்கு மேடம், வைகாசி இடவம். அந்தக் காலத்தில் எஸ்டேட் ஆபீசில் இருந்த மலையாளிக் கிராணிமார் மேடம் ஒன்றில் விஷுக்கணி வைத்தார்கள், லயத்தில் நம் பாட்டி சித்திரை ஒன்றுக்கு மாவிலைத் தோரணம் கட்டினாள், பொழுது விடிந்தது என்னவோ இருவருக்கும் ஒன்றாகத்தான். சீனர்கள் இன்னும் சுருக்கம், பெரும்பாலும் எண்தான், நாலாம் மாதம் எட்டாம் நாள் புத்தர் பிறந்தார் என்று முடித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சீக்கியர்களுக்கு வைசாகி வெறும் மாதப் பிறப்பு இல்லை. 1699-இல் அனந்தபூர் சாகிப்பில் குரு கோவிந்த் சிங் 'கால்சா' என்ற சீக்கியச் சமூகத்தை நிறுவியது ஒரு வைசாகி நாளில். 2003-இல் வந்த அவர்களுடைய நானக்ஷாஹி நாட்காட்டி வைசாக் முதல் தேதியை அப்போது ஏப்ரல் 14 என்றே நிலையாக வைத்தது. நீங்கள் போய் "ஒரு மாதம் தள்ளி வையுங்கள்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது, சிரித்துக்கொண்டே உங்களை உட்காரவைத்து ஒரு டம்ளர் பால் தேநீர் கொடுத்திருப்பார்கள். சங்கடம் உங்களுக்குத்தான்.

அடுத்த ஏப்ரல் 14 காலையில் நம் கோயில் அர்ச்சனையை முடித்துவிட்டு, மதியம் அவர்களோடு குருத்வாராவுக்குப் போய்வாருங்கள். சப்பாத்தி, பருப்பு, ஒரு பாயசம், யார் வந்தாலும் தரையில் உட்காரவைத்துப் போடுவார்கள். தலையை மூடிக்கொள்ள ஒரு துண்டு எடுத்துப் போங்கள், செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.