ஆசிரியர் குழுவில் பேசாமல் இருக்கலாமா?

கேள்வி: நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். பாட ஆசிரியர்களுக்கான இணையக் குழு ஒன்றில் இருக்கிறேன். காலை வணக்கம், வினாத்தாள், பிடிஎஃப் என்று வந்து குவிகிறது. நான் படிப்பதோடு சரி, எதுவும் எழுதியதில்லை. இதனால் என் கற்பித்தல் வளருமா, இல்லை வெளியேறிவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: பேசாமல் படிப்பதில் குறையே இல்லை. ஒரே தொழில் செய்பவர்கள் சேர்ந்து கற்கும் ‘நடைமுறைச் சமூகம்’ என்ற கருத்தை 1991-இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்தார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று லைபீரியத் தையற்காரர்கள். புதிதாகத் தொழில் பழக வருபவர் எடுத்த எடுப்பில் துணியை வெட்டுவதில்லை. தைத்து முடித்த உடுப்புக்குப் பட்டன் வைப்பார், ஓரம் மடித்துத் தைப்பார். பிறகு தையல். வெட்டுவது கடைசியில். ஓரமாக இருந்து பார்ப்பதும் கற்பதுதான்.

ஆனால், பார்ப்பதற்கு அங்கே வேலை நடக்க வேண்டுமே! உங்கள் குழுவில் முடிந்த சரக்குதான் வந்து விழுகிறது. பாடம் எப்படி உருவானது, எங்கே சறுக்கியது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

நான் ஒருங்கிணைக்கும் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆசிரியை மாணவனின் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டார். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். ‘தப்பு என்று தெரிகிறது. இவன் மனதில் என்ன ஓடுகிறது?’ என்று கேட்டிருந்தார். உடனே மீச்சிறு பொது மடங்கு பற்றிய வீடியோக்கள் வரிசைகட்டின. பிறகு ஒருவர், ‘அரையோடு கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று அவனிடமே கேளுங்கள்’ என்றார். இன்னொருவர் எழுதியதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: ‘முதல் தேர்வில் 2-க்கு 1, அடுத்ததில் 3-க்கு 1 வாங்கினால் மொத்தம் 5-க்கு 2 தானே? அவன் மதிப்பெண்ணைக் கூட்டுவதுபோல் கூட்டியிருக்கலாம்.’ மறுநாள் அந்த ஆசிரியை பையனிடம் பேசிவிட்டு வந்து, அவன் சொன்னதை அப்படியே எழுதினார். மார்க் கூட்டுவதைத்தான் நினைத்திருக்கிறான். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னத்தைப் பற்றி இப்படி ஒரு தெளிவு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே வெளியேற வேண்டாம். இந்த வாரம் உங்களைக் குழப்பிய ஒரு விடையை அங்கே போடுங்கள். மாணவரின் பெயரும் முகமும் தெரியக் கூடாது, அதில் கண்டிப்பாக இருங்கள். யோசனை சொன்னவர்களுக்கு, வகுப்பில் அது பலித்ததா என்று திரும்பி வந்து சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன: கேட்டவர் திரும்பி வருவதே இல்லை.

கேள்வி: எங்கள் குழுவில் தலைமை ஆசிரியரும் மேலதிகாரிகளும் இருக்கிறார்கள். எனக்குப் புரியாததை அங்கே எப்படிக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர்

பதில்: கேட்க முடியாது, உங்கள் தயக்கம் நியாயமானது. சுற்றறிக்கைக்கு அந்தக் குழு இருக்கட்டும். ஒரே பாடம், ஒரே வகுப்பு எடுக்கும் ஏழெட்டுப் பேர் தனியாகச் சேருங்கள். இங்கே பேசுவது வெளியே போகாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் நேரம் குறித்து, நடத்தும் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் உங்கள் வகுப்பு மாணவரின் நோட்டிலிருந்தே தொடங்குங்கள்.