25 ஆயிரத்துக்குள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி பதில்

பள்ளி, கல்லூரி திறக்கும் நேரம் என்பதால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக எடுத்திருக்கிறேன்.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு, மகள் ஏழாம் வகுப்பு. நான் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன், வரவு செலவை எக்செல்லில் எழுதிவைக்க ஆசை. மற்றபடி யூடியூப் பாடம், ஆன்லைன் விண்ணப்பம், பில் கட்டுவது, எப்போதாவது பிரிண்ட் எடுப்பது, அவ்வளவுதான். 25 ஆயிரத்துக்கு மேல் போக முடியாது. ஒரு கடையில் 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள புது லேப்டாப்பை 20 ஆயிரத்துக்குத் தருகிறார்கள். இன்னொரு கடையில் ஐ7 பிராசசர் போட்ட பழைய லேப்டாப், 17 ஆயிரம். ஐ7 என்றால் உசத்தி என்கிறார் கடைக்காரர். எதை வாங்கட்டும்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இரண்டுமே வேண்டாம் சகோதரி.

அந்தப் புது லேப்டாப்பை முதலில் பார்ப்போம். 64 ஜிபி என்று போட்டு வருவது பெரும்பாலும் இஎம்எம்சி என்கிற வகை, விலை குறைந்த செல்போன்களில் இருப்பது. மதர்போர்டோடு சேர்ந்தே வரும், கழற்றிவிட்டுப் பெரியது போட முடியாது. விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 64 ஜிபி ஸ்டோரேஜும் (ஃபைல்கள் தங்கும் இடம்) 4 ஜிபி ராமும் (வேலை ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) தான், ஆக வாங்குகிற அன்றைக்கே அந்த மெஷின் கடைசிப் படியில் நிற்கிறது. பெரிய அப்டேட் ஒன்று வந்தால் இடம் போதவில்லை என்று நின்றுவிடும், பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டும் போட்டோவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். க்ரோமில் நாலைந்து டேப் திறந்து ஒன்றில் வீடியோ ஓடினாலே 4 ஜிபி ராம் திணற ஆரம்பித்துவிடும். பெட்டி பிரிக்காதது, ஒரு வருட வாரண்டி என்ற ஒரே காரணத்துக்காக, சீட்டுப் போட்டுச் சேர்த்த காசைக் கொண்டுபோய் இதில் கொட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. ஒரு வருடத்துக்குள் அது மூலைக்குப் போய்விடும், பிள்ளைகள் மறுபடியும் செல்போனில் படிக்கப் போய்விடுவார்கள்.

அடுத்து ஐ7. ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் இன்டெல் கம்பெனி ஒரே காலத்தில் விட்ட பிராசசர்களுக்குள் எது பெரியது என்றுதான் சொல்லும். எந்தக் காலத்துச் சரக்கு என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயது சொல்வார்களே, பிராசசருக்கு அந்த எண்தான் பல். ஐ7-4600யு என்று இருந்தால் அது நாலாம் தலைமுறை, 2013-இல் வந்தது, உள்ளே வேலை செய்யும் கோர் எனும் பகுதி இரண்டே. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, 2017, நாலு கோர். பெயரில் ஐ5 சின்னதாகத் தெரிந்தாலும் வேலையில் அதுதான் முந்தும். 10210 என்று ஐந்து இலக்கமாகவோ, 1135 என்றோ தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை, பத்து, பதினொன்று என்று படித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் தலைமுறையை நான் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு முறையான அனுமதி, இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பிராசசர் போட்ட லேப்டாப் என்றால் ரைசன் 3000 வரிசையிலிருந்து தேடுங்கள். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருட நீட்டிப்பு என்று 2026 அக்டோபர் 13-ஐச் சொன்னார்கள். எப்படியோ குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள், ஏற்றவும் முடியும், ஆனால் அந்த மாதிரி மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. நீங்கள் பில் கட்டப் போகிறீர்கள், பேங்க் பாஸ்வேர்டு அதில் அடிக்கப் போகிறீர்கள். இந்த விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான ஸ்டோரேஜ்), ஃபுல் எச்டி திரை. இதை ரீஃபர்பிஷ்டு கடையில் (பழையதைச் சரிபார்த்து, பழுது நீக்கி விற்கும் கடை) கேளுங்கள், உங்கள் பட்ஜெட்டுக்குள் தேடலாம். டெல் லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக் மாதிரி கம்பெனிகளுக்கென்றே செய்த வரிசைகளாகப் பாருங்கள். ஐடி கம்பெனிகள் இவற்றைக் குத்தகைக்கு எடுத்து மூன்று நாலு வருடத்தில் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடும், அதுதான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் தொடங்கி ஊர் ஊராக ரீஃபர்பிஷ்டு கடைகளுக்கு வருகிறது. தினமும் பத்து மணி நேரம் தட்டுவதற்காகச் செய்த கீபோர்டு, உறுதியான கீல், ஸ்பேர் பார்ட்ஸும் சுலபமாகக் கிடைக்கும். கீறல் இருக்கும், மூடியில் ஸ்டிக்கர் உரித்த தடம் இருக்கும். பரவாயில்லை.

கடையில் நின்று சில விஷயங்களைப் பார்த்தே தீர வேண்டும், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய்க் காட்டச் சொல்லுங்கள் (டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1). அங்கே பாஸ்வேர்டு கேட்டால் பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் எடுக்கப்படவில்லை என்று பொருள், வேறு பீஸ் கேளுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்லது. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் என்று இருந்தால், வீட்டுக்கு விற்கும் மெஷினில் அது பெரும்பாலும் கிராக் போட்ட, அதாவது லைசென்ஸ் இல்லாமல் ஏமாற்றி ஓட்டும் விண்டோஸ்தான், அந்தக் கிராக்கோடு வேறு என்னவெல்லாம் உள்ளே வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, எடுத்துக் காட்டச் சொல்லி, புதிதாக இருந்தபோது எவ்வளவு, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லை விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திரை ஒன்று திறந்து கறை, புள்ளி பாருங்கள், எல்லா பட்டனும் அடித்துப் பாருங்கள், கேமரா, ஸ்பீக்கர், வைஃபை, யுஎஸ்பி எல்லாம். பில்லில் சீரியல் நம்பரும் வாரண்டி எத்தனை மாதம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எக்செல்லுக்குத் தனியாகக் காசு தேவையில்லை. லிப்ரேஆபிஸ் இலவசம், உங்கள் கணக்குக்கு அது தாராளம், எக்செல் ஃபைலையும் திறக்கும். பிரிண்டர் வாங்காதீர்கள். மாதத்துக்கு நாலு பக்கம் எடுக்கும் வீட்டில் இங்க் காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும், பக்கத்துக் கடையில் எடுப்பதே லாபம். பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனி யூசர் அக்கவுண்ட் போட்டு, அட்மின் உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்காவுக்குக் கல்லூரியில் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப் பரணில் கிடக்கிறது. ஆன் ஆகிறது, ஆனால் ஒரு ஃபோல்டர் திறக்கவே ஒரு யுகம் ஆகிறது. தூக்கிப் போடச் சொல்கிறார்கள். உயிர் கொடுக்க முடியுமா? (வாசகர், பரமக்குடி)

பதில்: தூக்கிப் போடாதீர்கள் தம்பி. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆரம்ப வருடங்களில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன, பின்னால் வந்தவற்றில் ராம் கூடியது. மெதுவாக இருப்பதற்கு முதல் காரணம் அந்த ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்க, அதன்மேல் ஒரு முள் ஓடி ஓடித் தேடி எடுக்க வேண்டும், வயதாகிவிட்டால் இன்னும் தடுமாறும். எஸ்எஸ்டியில் ஓடும் பாகமே கிடையாது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்கினால் அதே இடத்தில் அப்படியே உட்காரும், சில திருகாணிதான் வேலை. ராமை 4 ஜிபியாவது ஆக்குங்கள், இந்தக் காலத்து மெஷின்களுக்கு டிடிஆர்3 வகை வேண்டும், செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், பழைய ராமைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

விண்டோஸை மறந்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தில் எக்ஸ்எஃப்சிஇ என்று ஒரு இலகுவான பதிப்பு இருக்கிறது, 4 ஜிபி ராமில் நன்றாகவே ஓடும், இலவசம், அப்டேட்டும் வரும். உங்கள் அக்கா லேப்டாப்பிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பார்கள், ஆகவே இது அந்த மெஷினுக்குப் புதிதல்ல. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ், தமிழ் 99 தட்டச்சு எல்லாம் அதில் உண்டு. படிக்க, எழுத, வீடியோ பார்க்கப் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. தனியாகக் கழற்றுகிற வகையாக இருந்தால் கழற்றிவிடலாம், குத்துவதோ நெம்புவதோ கூடாது. பேட்டரி இல்லாமல் நேரடியாக சார்ஜரிலேயே ஓடுகிற மாடல்கள் நிறைய உண்டு.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். கண் புரை அறுவை செய்திருக்கிறேன். தமிழில் கட்டுரைகள் எழுதவும் வெளிநாட்டில் உள்ள மகனோடு வீடியோவில் பேசவும் ஒரு கணினி வேண்டும். லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்களுக்கு டெஸ்க்டாப்தான் ஐயா. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கழுத்தைக் குனிந்தே உட்கார வேண்டும், எழுத்தும் சின்னது. அதற்காகப் பழைய பெரிய டவர் வேண்டாம். டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி என்று ஒரு தடிமனான புத்தகம் அளவில் வருகின்றன, இவையும் கம்பெனிகளிலிருந்து திரும்பி வந்தவையாகக் கிடைக்கும், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். எட்டாம் தலைமுறை, 8 ஜிபி, எஸ்எஸ்டி என்று திண்டுக்கல் சகோதரிக்குச் சொன்ன அதே கணக்கு. மிச்சம் பிடிக்கும் காசை மானிட்டரில் போடுங்கள், 24 அங்குலம் இருந்தால் கண்ணுக்குச் சுகம், எழுத்தை 125 அல்லது 150 சதவீதமாகப் பெரிதாக்கியும் வைத்துக்கொள்ளலாம். வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் முதலில் அதிலேயே மாட்டிப் பார்க்கலாம், ஆனால் தினமும் மணிக்கணக்காக எழுதுகிறவருக்கு டிவி சரிப்படாது.

இந்தச் சின்னப் பெட்டிகளில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். கேமராவும் மைக்கும் இருக்காது, தனியாக ஒரு வெப்கேம் வாங்க வேண்டும். அலுவலகத்தில் கேபிள் போட்டு ஓடியவை என்பதால் சிலவற்றில் வைஃபை இருக்காது, கேட்டு வாங்குங்கள். யுபிஎஸ் கட்டாயம் வேண்டும், கட்டுரை பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் அந்த வேதனை வேண்டாம். தமிழுக்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். பழக ஒரு வாரம் கொடுங்கள், உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று இருப்பதால் தங்கிலீஷில் அடிப்பதை விடக் கைக்கு வேகமாக வரும்.

கேள்வி: பி.காம் சேர்ந்திருக்கிறேன். குரோம்புக் விலை குறைவாக இருக்கிறதே, வாங்கலாமா? (வாசகி, சிவகாசி)

பதில்: வேண்டாம். குரோம்புக்கில் விண்டோஸ் கிடையாது, கூகுளின் குரோம்ஓஎஸ்தான் ஓடும். பி.காமுக்குத் தேவைப்படும் டாலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது, குரோம்புக்கில் அப்படியே நிறுவ முடியாது. ஆன்லைன் தாக்கல்களில் கையெழுத்துப் போடப் பயன்படும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் (யுஎஸ்பியில் செருகுவது) பிற்பாடு உங்களுக்குத் தேவைப்படும், அதற்கும் விண்டோஸ்தான் வசதி. பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் பார்க்க மட்டும் என்றால் வேறு விஷயம்.

கேள்வி: லேப்டாப்போடு சேர்த்து ஆன்டிவைரஸும் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்களே? (வாசகர், வேலூர்)

பதில்: தேவையில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும், அப்டேட்டை நிறுத்தாமல் இருந்தால் சரி.

கேள்வி: போன வருடம் விசாரித்ததை விட இப்போது ராமும் எஸ்எஸ்டியும் விலை ஏறிவிட்டன. கொஞ்சம் பொறுத்திருந்தால் குறையுமா? இப்போதைக்கு 4 ஜிபியில் வாங்கி அப்புறம் ராம் சேர்த்துக்கொள்ளலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: உலகத்துக்கே மெமரி சிப் செய்து தருவதில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும்தான் பெரும் பங்கு. ஏஐ டேட்டா சென்டர்கள் அவர்களிடம் கேட்கும் அளவு 2025-இல் எக்கச்சக்கமாகக் கூடிவிட்டது, லாபமும் அங்கேதான் அதிகம், ஆகவே தயாரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது, நமக்கு வரும் சரக்கு குறைந்து விலை ஏறியது. மைக்ரான் தன்னுடைய க்ருஷியல் என்ற சில்லறை வியாபாரத்தை விட்டே வெளியேறுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இது சீக்கிரம் சரியாகும் என்று நம்பி, படிக்கிற பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்.

அதனால்தான் ராம் ஏற்கெனவே போட்டு வரும் ரீஃபர்பிஷ்டு மெஷின் இப்போது இன்னும் நல்ல பேரம் என்கிறேன். 4 ஜிபியில் வாங்கிப் பின்னால் சேர்க்கும் யோசனை முன்பு சரி, இன்றைய விலையில் சரியில்லை. தவிர, மெலிசான புது லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், சேர்க்கவே இடம் இருக்காது. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 8 ஜிபி ஒரே ஸ்லாட்டில் இருந்து இன்னொன்று காலியாக இருக்கும் பீஸ் கிடைத்தால், சில நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.