போர்டை மாற்றாதீர்கள், ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள்

தேவகோட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தோட்டத்து போர் மோட்டாரை எஸ்எம்எஸ்ஸில் போட்டு நிறுத்த ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டு, சிம் போட்டு எஸ்எம்எஸ் வாங்கும் சிம்800எல் மாட்யூல் வைத்து ஒரு பெட்டி செய்தேன். இரண்டு மூன்று நாள் ஓடுகிறது, அப்புறம் பதிலே இல்லை. ரீசெட் அழுத்தினால் சரியாகிறது. மெமரி பத்தாது, பெரிய போர்டு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். புரோகிராமை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா?"

வேண்டாம். பெட்டி நின்றிருக்கும்போது மாட்யூலின் சின்ன விளக்கைப் பாருங்கள். மூன்று வினாடிக்கு ஒருமுறை மின்னினால் நெட்வொர்க் இருக்கிறது, கோளாறு புரோகிராமில். வேகமாக மின்னினால் பவர் சப்ளையைக் கவனியுங்கள். சிக்னல் அனுப்பும் கணத்தில் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும்.

வரும் செய்தியை ஒவ்வொரு எழுத்தாக ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்து சேரச் சேரத் தானே நீளும் மாறியில், சேர்க்கிறீர்கள். ஊனோவில் ராம், அதாவது புரோகிராம் ஓடும்போது பயன்படுத்தும் மெமரி, மொத்தமே 2,048 பைட். ஸ்ட்ரிங் நீள நீள வேறு இடம் தேடிப் போகும், பழைய இடம் துண்டாகக் கிடக்கும். கல்யாண வளவில் பந்தி நடக்கும்போது எட்டுப் பேர் ஒன்றாக உட்கார வந்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது இலை காலியாக இருந்து என்ன பயன்? இடம் கிடைக்காதபோது ஸ்ட்ரிங் எந்த எர்ரரும் காட்டாது. சேர்க்கச் சொன்ன எழுத்தைச் சேர்க்காமல் பேசாமல் இருந்துவிடும். 'ஆன்' என்பதில் பாதிதான் பதிவாகும், மோட்டார் எப்படி ஓடும்?

இஎஸ்பி32 என்ற பெரிய போர்டு வாங்கினால் 520 கிலோபைட் ராம் கிடைக்கும். அதே புரோகிராமைப் போட்டால் நிற்கிற நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கடைக்காரருக்கு அதுவே போதும். மதுரைக்கு பஸ் ஏறி ப்ராஜெக்ட் சென்டரில் புரோகிராம் வாங்கி வருவதும் வேண்டாம். ஒருவருக்கு எழுதியதையே பேர் மாற்றிப் பத்துப் பேருக்கு விற்பார்கள், உள்ளே இதே ஸ்ட்ரிங்தான் இருக்கும். கல்லூரிகளைச் சொல்ல வேண்டும்: கம்ப்யூட்டரில் மாலாக் (ஓடும்போதே மெமரி கேட்டு வாங்கும் கட்டளை, ஸ்ட்ரிங்கும் உள்ளே இப்படித்தான் இடம் வாங்குகிறது) எழுதினால் முழு மார்க் போடுகிறார்கள், 2 கிலோபைட் சிப்பில் அது என்ன செய்யும் என்று வாய் திறப்பதில்லை. கார்களுக்குப் புரோகிராம் எழுதுபவர்கள் பின்பற்றும் மிஸ்ரா சி விதிகள் மாலாக்கே கூடாது என்கின்றன.

சரி, செய்ய வேண்டியது இதுதான். 180 எழுத்துக்கு ஒரு சார் அர்ரேயை (நீளம் மாறாத எழுத்து வரிசை) குளோபலாக, எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே, அறிவியுங்கள், ஆங்கில எஸ்எம்எஸ் 160 எழுத்துதான். எழுத்து வர வர அதில் போடுங்கள், எண்ணிக்கை 179 ஆனால் மேலே போடாதீர்கள். இந்த ஒரு சோதனையை விட்டால் பக்கத்து மாறிகள் அழியும். வரி முடிந்ததும் கடைசியில் பூஜ்யம் ('\0') வைத்து, 'ஆன்' போன்ற கட்டளையோடு ஒப்பிட்டுப் பார்த்து, எண்ணிக்கையை மறுபடி பூஜ்யமாக்குங்கள். பதில் எழுத எஸ்என்பிரிண்ட்எஃப் என்ற ஃபங்ஷன், அதில் அர்ரேயின் அளவைக் கட்டாயம் கொடுங்கள்.

அப்படியானால் மாலாக்கைத் தொடவே கூடாதா? பவர் வந்ததும் ஒரே தடவை ஓடும் செட்டப்பில் ஒருமுறை கேட்டு, கிடைத்ததா என்று பார்த்து, கடைசிவரை விடுவிக்காமல் வைத்துக்கொண்டால் தொந்தரவில்லை. விடாத இடத்தில் ஓட்டை விழாது. திரும்பச் சொல்கிறேன், செட்டப்பில் மட்டும். திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் ஒருமுறைதானே என்று எழுதினால், அந்த ஒருமுறை ஒவ்வொரு சுற்றிலும் வரும்.

புரோகிராம் உறைந்தால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் போட்டால் தானே ரீசெட் ஆகுமே என்று அதே கடையில் சொல்வார்கள். ரீசெட் ஆகும்போது மோட்டாரை ஓட்டும் ரிலே சுவிட்ச் விழுந்து, ஓடுகிற மோட்டார் பாதியில் நிற்கும். முதலில் புரோகிராமைத் திருத்துங்கள். ஒவ்வொரு பதில் எஸ்எம்எஸ்ஸிலும் மீதி ராம் எத்தனை பைட் என்று சேர்த்து அனுப்பச் செய்யுங்கள். ஒரு வாரம் அந்த எண் மாறாமல் இருந்து, பெட்டியும் நிற்காமல் இருந்தால் மூடியைத் திருகி மாட்டிவிடலாம்.