சிக்னலில் போலீஸ் இருக்கும்போது டிராஃபிக் இன்ஜினியர் எதற்கு?

கேள்வி இதுதான்: "சிவில் முடிக்கப்போகிறேன், ஊர் புதுச்சேரி. டிரான்ஸ்போர்ட்டேஷன் எம்.இ. படிக்கலாமா? நம்ம ஊரில் டிராஃபிக் இன்ஜினியருக்கு என்ன வேலை இருக்கிறது? சிக்னலைப் பார்த்துக்கொள்ளத்தான் போலீஸ் இருக்கிறார்களே."

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பம், வாழ்க்கைப்பட்டது புதுச்சேரி. போகிற கல்யாண வீட்டில் எல்லாம் யாராவது ஒருவர் இதே கேள்வியைக் கேட்டுவிடுகிறார். டிரான்ஸ்போர்ட் என்றால் லாரி ஷெட் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று நினைத்து லைசென்ஸ் புதுப்பிக்க உதவி கேட்டவர்களும் உண்டு.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. கூடப் படித்தவர்கள் ஐ.டி. கம்பெனிக்குத் தயாராகிறார்கள். அப்பா அரசு உதவிப் பொறியாளர் (ஏ.இ.) பரீட்சைக்குப் படி என்கிறார். ஸ்ட்ரக்சுரல் எடுத்தால் நாலு வீட்டுக்காவது பிளான் போடலாம் என்று மாமா சொல்லியிருப்பார். இந்தப் பாடத்தை எடுத்தால் என்ன ஆவோம் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. எனக்கும் அன்று யாரும் இல்லை.

முதலில் ஒன்று. போலீஸ்காரர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மே மாத மத்தியானத்தில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் அந்த வேலையின் கஷ்டம் புரியும். ஆனால் அவர் கையில் இருப்பது அந்த நிமிடம் மட்டும். எந்தப் பக்கம் அதிகமாகத் தேங்குகிறதோ அதைத் திறந்துவிடுவார். பச்சை எத்தனை நொடி, ஸ்டாப் லைன் எங்கே, பஸ் ஸ்டாப்பை சிக்னலுக்கு முன்னால் வைப்பதா தாண்டி வைப்பதா, இடது பக்கம் திரும்புகிறவர்களை நிறுத்தாமல் விட்டால் நடந்து வருகிறவர் எப்போது கடப்பார் என்பதையெல்லாம் யாரோ முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்த யாரோதான் நாங்கள். எங்கள் வேலை வண்டியை ஓட விடுவது மட்டும் இல்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி கிடையாது. அங்கே மூடினால் அந்த வண்டிகள் எந்த வீதிக்குப் போகும், எங்கே நிறுத்துவார்கள் என்று பார்ப்பதும் இதே வேலைதான்.

கணக்கு எண்ணிக்கையில் தொடங்குகிறது. காலை 6 முதல் இரவு 10 வரை பதினாறு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாள். செவ்வாய், புதன், வியாழனில் ஏதாவது ஒரு நாள். அன்று முகூர்த்தம் இருக்கக் கூடாது, பள்ளி விடுமுறையும் கூடாது. புதுச்சேரி என்றால் சனிக்கிழமையும் தனியாக எண்ண வேண்டும், சென்னை, பெங்களூரு வண்டிகள் வந்து அன்றைக்கு ஊரே வேறாகிவிடும். இப்போது கேமரா வைத்துப் பதிவு செய்து அப்புறம் எண்ணுகிறோம். நான் சேர்ந்தபோது ஆள் உட்கார்ந்து கோடு போடுவதுதான், நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. அந்தப் பதினாறு மணி நேரத்தில் ஒரு பெண் கழிப்பறைக்கு எங்கே போவாள் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது. சாலையோர வீடுகளில் கதவைத் தட்டித்தான் கேட்டிருக்கிறேன். ஒருவர்கூட முடியாது என்று சொன்னதில்லை.

எண்ணிய வண்டிகளை அப்படியே கூட்ட முடியாது, ஒவ்வொன்றும் ரோட்டில் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்ற வேண்டும். நகரச் சாலைகளின் கொள்ளளவுக்காக இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட வழிகாட்டியில் அதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. மொத்தப் போக்குவரத்தில் அந்த வகை வண்டி பத்து சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பைக் 0.75 கார், ஆட்டோ 2 கார், பஸ் 3.7 கார். கைவண்டிக்குக்கூட 3 என்று எண் உண்டு. நடந்து போகிறவருக்கு அதில் வரி கிடையாது. அது வண்டிகளுக்கான அட்டவணை, அதன் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வருடக்கணக்கில் அதையே பார்த்துப் பழகினால் நடக்கிறவர் நம் கண்ணிலேயே பூஜ்யமாகிவிடுகிறார். எனக்கு அப்படி ஆனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எட்டு வருடம் முன்னால். கடலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று புதுச்சேரிக்குள் வருகிற சாலை உங்களுக்குத் தெரியும். அந்தச் சாலையில் ஒரு நாற்சந்தி. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அப்போது யார் அதிகாரி என்று தேடுவார்கள், எனக்கு அது வேண்டாம். சிக்னல் ஒரு சுற்று சுற்றி வர 180 நொடி ஆகிறது, மெயின் ரோட்டில் வண்டி கண்ணுக்கு எட்டியவரை நிற்கிறது, நேரத்தை மாற்றிக் கொடுங்கள் என்று எங்களிடம் வேலை வந்தது.

ஒரு சுற்று எத்தனை நொடி இருக்க வேண்டும் என்பதற்கு வெப்ஸ்டர் என்பவர் 1958-ல் கொடுத்த சூத்திரத்தை இன்றைக்கும் படிக்கிறோம். பச்சை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறும்போது ஒரு சுற்றில் வீணாகும் நொடிகளை ஒன்றரையால் பெருக்கி, ஐந்தைக் கூட்டி, சந்தியின் கொள்ளளவில் நிரம்பாமல் மிச்சமிருக்கும் பங்கால் வகுக்க வேண்டும். ஒரு சுற்றில் பச்சை மூன்று கட்டமாக மாறி மாறி விழுகிறது, கட்டத்துக்கு 4 நொடி வீண் என்றால் 12. சந்தி ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியிருந்தால் 23-ஐ 0.2-ஆல் வகுக்க வேண்டும், 115 நொடி வரும். சுற்று நீண்டால் கொஞ்சம் கூடுதலாக வண்டி போகும் என்பது உண்மைதான். ஆனால் பச்சையின் கடைசி நொடிகளில் இடைவெளி விட்டு விட்டு வருகிற நாலு வண்டிக்காக மற்ற எல்லாப் பக்கமும் வெயிலில் காத்திருக்கிறது. 2024 கோடையில் புதுச்சேரி சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள் இல்லையா? எனக்கு அது மிகவும் பிடித்தது. நிற்கிற மனிதருக்கு வெயில் அடிக்கிறது என்று ஒருவர் யோசித்திருக்கிறார்.

நாங்கள் 120 நொடி வைத்தோம். கிளைச் சாலையில் வண்டி குறைவு, அதற்கு 12 நொடி பச்சை போதும். அந்தப் பன்னிரண்டை எழுதியது நான்தான். மாற்றிய முதல் வாரமே மெயின் ரோட்டு வரிசை குறைந்தது, பாராட்டினார்கள்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு காலை போய் நின்றேன். கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன்கார அம்மாக்கள் வந்து, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பஸ் பிடிப்பார்கள். தலையில் சும்மாடு, அதன் மேல் நிறைந்த அன்னக்கூடை. கிளைச் சாலைக்குப் பச்சை விழும்போதுதான் மெயின் ரோடு நிற்கும், அப்போதுதான் அவர்கள் கடக்க முடியும். பாதி ரோடு தாண்டுவதற்குள் பன்னிரண்டு நொடி முடிந்து, இரண்டு பக்கமும் வண்டி சீற, நடுவில் நின்றுவிட்டார் ஒருவர். ரோட்டை இரண்டாகப் பிரிக்கிற சென்டர் மீடியன் என்று இருந்தது வெறும் 1.2 மீட்டர், அதுவும் செடி வைத்து அடைத்தது. கூடையைப் பிடித்தபடி செடியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் வந்ததும் என் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா எழுதறே? முன்னயாவது தாண்டிப்புடுவோம். இப்போ பாதியிலயே செவப்பு வுழுதே, இந்தக் கூடையோட ஓடவா முடியும்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்கை எடுத்துப் பார்த்தேன். ரோட்டின் முழு அகலம் சுமார் 16 மீட்டர். நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று நம் வழிகாட்டிகள் எடுத்துக்கொள்கின்றன, அதன்படி கடக்க 13 நொடி. கிளம்ப 7 நொடி தர வேண்டும். மொத்தம் 20. ஆக, புத்தகக் கணக்கிலேயே என் பன்னிரண்டு தப்பு. கிளைச் சாலைக்கு எத்தனை நொடி என்பதை அங்கே வருகிற வண்டி தீர்மானிப்பதில்லை, மெயின் ரோட்டைக் கடக்கிற மனிதர்தான் தீர்மானிக்கிறார். எனக்குத் தெரிந்த விஷயம்தான், வண்டியை மட்டும் எண்ணியதால் மறந்துபோனது. அப்புறம் இரண்டு காலை ஸ்டாப்வாட்ச்சோடு நின்றேன். கூடையோடு வருகிறவர்களுக்குப் பதினாறு மீட்டர் கடக்க இருபது நொடி ஆனது. நொடிக்கு 0.8 மீட்டர். கிளம்பும் நேரத்தோடு 27 நொடி.

இருபத்தேழு கேட்டு எழுதினேன், கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துப் போனால் மறுபடி பன்னிரண்டு. யார் மாற்றினார்கள் என்று இன்றுவரை தெரியாது. ரோடு ஒரு துறை, விளக்கு இன்னொரு துறை, கரண்ட் வேறொரு துறை, ஓரத்து நடைபாதை உள்ளாட்சி. சிக்னல் பெட்டியின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டேன், பதில் சொல்ல ஆள் இல்லை. கடிதம் மேல் கடிதம் போட்டேன். "மெயின் ரோடு தேங்குது மேடம், ரெண்டு பேரு தாண்டறதுக்கா?" என்று ஒருவர் போனில் சொன்னார். ரெண்டு பேர் இல்லை. அன்று காலை 6 முதல் 8 வரை நான் எண்ணியது 214 பேர்.

நொடியைத் திருடலாம், கான்கிரீட்டைத் திருட முடியாது என்று அப்போதுதான் தோன்றியது. மீடியனில் அந்த இடத்தில் மட்டும் செடியை எடுத்து, இரண்டு பக்கமும் 40 சென்டிமீட்டர் ரோட்டை எடுத்துக்கொண்டு, கடக்கிறவர் நடுவில் பத்திரமாக நின்று போக 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு திட்டு. 7.5 மீட்டர் ரோடு 7.1 ஆகும், இரண்டு லேனுக்கு அது போதும். பாதி ரோட்டைக் கடக்க 0.8 வேகத்தில் 9 நொடி. கிளம்பும் 7 நொடியையும் சேர்த்தால் பன்னிரண்டைத் தாண்டும்தான், ஆனால் பச்சை விழுந்ததும் கிளம்புகிறவர் பன்னிரண்டுக்குள் திட்டுக்கு வந்துவிடுவார், மீதி ரோடு அடுத்த பச்சையில். வரைபடத்தோடு பதினோரு மாதம் அலைந்தேன். கடைசியில் வேறொரு வேலைக்கு வந்த கான்கிரீட்டில் மீதமானதை வைத்து ஓர் இளநிலைப் பொறியாளர் ஒரே இரவில் போட்டுக் கொடுத்தார். திட்டு இன்றும் இருக்கிறது. இரண்டு தடவை ரோடு போட்டும் யாரும் எடுக்கவில்லை. பத்துக் கிலோமீட்டர் நான்கு வழிச் சாலை அறிக்கையில் என் பெயர் இருக்கிறது. எனக்குப் பெருமை அந்தத் திட்டுதான்.

"ஒரு திட்டுக்கு இவ்வளவு பேச்சா" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். மேம்பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டிய இடத்தில் வேண்டும். ஆனால் இந்த மாதிரிச் சின்ன விஷயத்துக்கும் பொறுப்பு உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலை வடிவமைப்பில் தரத்தைக் கடைப்பிடிக்காமல் விட்டு, அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் யாராக இருந்தாலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆலோசகர் என்றால் என் மாதிரி ஆள். நான் எழுதிய பன்னிரண்டு மாதிரி ஒரு எண்ணும் இன்று அதில் அடங்கலாம்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருடா வருடம் ஜனவரி பிறந்தால் கடைசி வருட மாணவர்கள் போன் செய்கிறார்கள். "அக்கா, டேட்டா இருந்தா அனுப்புங்க, சும்மா ரிப்போர்ட்டுக்குத்தான்." கொடுக்காவிட்டால் புராஜெக்ட் விற்கிற கடைக்குப் போகிறார்கள், பைண்டிங்கோடு கிடைக்கிறது. போன வருடம் ஒரு கல்லூரியில் வைவாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு நெல்லித்தோப்பு சந்தி. உள்ளே பதினைந்து நிமிடத்துக்கு நூறு சைக்கிள் ரிக்‌ஷா என்று எழுதியிருந்தது. வடக்கே எந்த ஊர்க் கணக்கோ அது. அவ்வளவு ரிக்‌ஷாவை இந்த ஊரில் எந்தச் சந்தியிலும் நான் பார்த்ததில்லை. கேட்டேன், நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். மார்க் போட்டு அனுப்பிவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, என் பேச்சு எடுபடவும் இல்லை. பிள்ளைகள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. வழிகாட்டி என்று கையெழுத்துப் போட்டவர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லையே, அது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். படிக்கலாம். கிண்டி, திருச்சி என்.ஐ.டி., ஐ.ஐ.டி. மெட்ராஸ் எல்லாவற்றிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. வேலை பெரும்பாலும் என்னைப் போலத் தனியார் ஆலோசனை நிறுவனத்தில்தான், அரசில் "போக்குவரத்துப் பொறியாளர்" என்ற பலகை மாட்டிய நாற்காலி அபூர்வம். ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது, புதுச்சேரியும் உழவர்கரையும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. எண்ண வேண்டிய சந்திக்குப் பஞ்சம் வராது.

அப்ளிகேஷன் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 5 முதல் 7 வரை மரப்பாலம் சந்திப்பில் போய் நில்லுங்கள். வண்டியை விட்டுவிடுங்கள். கடக்கிறவர்களை மட்டும் எண்ணுங்கள், கையில் பை வைத்திருப்பவர், குழந்தையோடு வருபவர், வயதானவர் என்று தனித்தனியாக. யார் பாதியில் நிற்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குத் தாளை மடிக்க மனசு வராமல் இன்னும் பதினைந்து நிமிடம் நிற்கலாம் என்று தோன்றினால் தைரியமாகப் போடுங்கள்.