'அந்தா' என்று நீளும் விரல்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகனுக்கு இரண்டே கால் வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பிஸ்கட் கவர் சத்தம் கேட்டால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான். தண்ணீர் வேண்டுமென்றால் என் கையை இழுத்துக்கொண்டு போய்ச் சொம்பின் மேல் வைப்பான். பேச்சு இல்லை. "அவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயத் தெறந்தான்" என்கிறார் அத்தை. நான் போனும் கையுமாக இருந்ததால்தான் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். இது ஆட்டிசமா? என் தவறா?
- ஒரு தாய், மேலூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. உங்கள் தவறு இல்லை. ஆட்டிசம் என்பது பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி அமைகிற ஒரு வளர்ச்சி நிலை. 1943-ல் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி அதை விவரித்தார். அதன்பின் பல வருடங்கள், தாயிடம் பாசம் போதாததால் வருவது என்று பெரிய மருத்துவர்களே பேசினார்கள். எத்தனை தாய்மார் அழுதிருப்பார்கள்! ஆட்டிசம் உள்ள பையனின் அப்பாவான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் அதை மறுத்து எழுதினார். இரட்டைக் குழந்தைகளை வைத்து 1977-ல் வந்த ஆய்வு, பரம்பரைக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டியது. போனைக் குறையுங்கள், அது பிள்ளையோடு விளையாடும் நேரத்தைத் தின்கிறது. ஆனால் போனால்தான் இது வந்தது என்று யாரும் உங்களைச் சொல்ல விடாதீர்கள்.

ஆட்டிசமா என்பதைக் கடிதத்தைப் படித்து நான் சொல்லக் கூடாது. ஆனால் பேச்சு வராததைவிட எனக்குக் கவலையாக இருப்பது அந்தச் சொம்பு. நம்ம பக்கத்துப் பிள்ளை அம்மா இடுப்பில் இருந்தபடி மினி பஸ்ஸைப் பார்த்து "அந்தா" என்று விரலை நீட்டும், உடனே அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அதற்கு பஸ் வேண்டாம். நான் பார்த்ததை நீயும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வயதை ஒட்டி வருகிற இதைக் கூட்டுக் கவனம் என்பார்கள். பேச்சு இதன் மேல்தான் ஏறி வருகிறது. உங்கள் மகன் உங்களிடம் கேட்கிறான். எதையும் காட்டியதாக நீங்கள் எழுதவில்லை. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஸ்கிரீனிங் இருக்கிறது. அதில் விரலுக்கே தனித்தனியாக இரண்டு கேள்வி: கேட்பதற்காக நீட்டுகிறதா, காட்டுவதற்காக நீட்டுகிறதா என்று.

அத்தை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவரிடம் இதைக் கேளுங்கள்: உங்கள் கணவர் பேசாத அந்த நாலு வருடமும் காக்காயை, மாட்டை, நிலாவைக் காட்டினாரா?

முதலில் காது பரிசோதனை. கவர் சத்தம் கேட்கிறது என்பதால் எல்லாம் கேட்கிறது என்று ஆகாது. அப்புறம், தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். அங்கன்வாடி டீச்சர் வழி சொல்வார். நாலு வயதுவரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். சம்படத்து மூடியைத் தரையில் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை குப்புறப் படுத்துப் பார்ப்பான். அவன் அம்மா அவனோடு விளையாடுவதை என் போனில் எடுத்து அவரிடமே காட்டினேன். ஒரே நிமிடத்தில் ஏழு கேள்வி. "இது என்ன? என்ன கலரு? அம்மாவப் பாரு!" பையன் முதுகைக் காட்டிக்கொண்டான். அடுத்த நாள் அவர் இன்னொரு மூடியை எடுத்துப் பக்கத்தில் சுற்றினார். "சுத்துது" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது வாரம், நின்றுபோன மூடியை அவன் அம்மா உள்ளங்கையில் வைத்துவிட்டு ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தான். அந்த ஒரு நொடிக்காக அவர் அழுதார், நானும்தான். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வும் இதே வழிதான்: வீடியோவைப் பெற்றோரோடு உட்கார்ந்து பார்ப்பது. சொல்லிக்கொடுத்தவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பிள்ளைகள் தாங்களாகத் தொடங்கும் தொடர்பு கூடியதாக 2016-ல் எழுதினார்கள்.

கேள்வி: ஆட்டிசம் என்று சொல்லிவிட்ட என் பேரன் (4 வயது) கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான். ரயிலை மட்டும் விடாமல் பார்க்கிறான். முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பழக்கலாமா?
- ஒரு தாத்தா, சோழவந்தான்

பதில்: வேண்டாம் ஐயா. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் பிள்ளைகளின் தாடையைப் பிடித்து "என்னப் பாரு" என்று திருப்பியிருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அது அடம் இல்லை. பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகள், பிறந்த 2-ஆம் மாதத்துக்கும் 6-ஆம் மாதத்துக்கும் நடுவிலேயே கண்களைப் பார்ப்பது குறைந்துகொண்டு வந்ததை வாரன் ஜோன்ஸும் அமி க்ளினும் 2013-ல் பதிவு செய்தார்கள். டேமியன் மில்டன், ஆட்டிசம் உள்ள ஆய்வாளர், 2012-ல் ஒன்று எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, நமக்கும் அவர்களைப் படிக்கத் தெரியவில்லை என்று. இதை நான் முழுதாக நம்புகிறேன்.

ரயில் வரும் நேரத்தில் அவன் பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் வேண்டாம். வண்டி தெரிந்ததும் "அந்தா, ரயிலு" என்று நீங்கள் விரலை நீட்டுங்கள். அப்புறம் ஒன்றும் கேட்காமல், கடைசிப் பெட்டி போகும்வரை அவனோடு பாருங்கள்.