சிக்னல் போட்டும் தண்டப் பத்திரம் தந்தால் எதிர்க்கலாமா?

இலங்கையில், மட்டக்களப்பு கல்லடியில் சிக்னல் போட்டுத்தான் லேன் மாறினேன், ஆனாலும் பொலிஸ் தண்டப் பத்திரம் எழுதிவிட்டது என்கிறீர்கள். சரி, எதிர்க்கலாம். அதற்கு முதலில் தபால் கந்தோரில் காசைக் கட்டாமல் இருக்க வேண்டும். கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது. 14 நாளில் கட்டாவிட்டால் தொகை இரட்டிப்பாகும், அப்புறமும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம்தான்.

அங்கே பெயர் கூப்பிட்டதும் பலர் அவசரத்தில் 'குற்றவாளி' என்று தலையாட்டி, தண்டம் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். நீங்கள் 'சுற்றவாளி', அதாவது குற்றம் செய்யவில்லை, என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் விளக்கம், அதாவது வழக்கு விசாரணை, நடக்கும். நிரூபிக்கும் பொறுப்பு பொலிஸின் தலையில். எழுதிய உத்தியோகத்தர் எங்கே நின்றார்? இடையில் பஸ் மறைத்ததா? வலப்பக்க சிக்னல் விளக்கு அவர் நின்ற இடத்துக்குத் தெரியுமா? வழக்கு இந்தக் கேள்விகளில்தான் நிற்கிறது. டாஷ் கேமரா பதிவு இருந்தால் உடனே பிரதி எடுங்கள், பழையது தானாக அழிந்துவிடும். பின்னால் இருந்து வந்தவரும் சாட்சி சொல்லலாம்.

வெறும் வாய்ப்பேச்சு மட்டும்தான் கையில் என்றால், என்னைக் கேட்டால் கட்டிவிடுவதே லாபம். சட்டத்தரணிக்கும் தவணைக்குத் தவணை லீவுக்கும் போகும் காசு தண்டத்தை விடக் கூடிவிடும்.